சமையல் எண்ணெய்: ரங்கூன் வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூன்று வருஷத்துக்கு முன் என் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னது ஒரே வரிதான்: எண்ணெயைக் குறையுங்கள், எண்ணெயை மாற்றுங்கள். எதைக் குறைப்பது, எதற்கு மாற்றுவது என்று கேட்கக்கூட எனக்குத் தெரியவில்லை. அப்புறம் படித்து, கேட்டு, வீட்டில் தராசு வைத்து நிறுத்துப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டேன். இப்போது கோயில் மடப்பள்ளியிலும் கல்யாண வீட்டிலும் என்னைப் பார்த்தால் பெண்கள் எண்ணெயைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளையும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். இதய நோய், சர்க்கரை, பித்தப்பைக் கோளாறு உள்ளவர்கள் தங்கள் டாக்டர் சொல்வதை முதலில் வைத்து, இதை அதற்கு அடுத்து வையுங்கள்.

அக்கா, சுருக்கமாகச் சொல்லுங்கள், எந்த எண்ணெய் வாங்கட்டும்?

கடலை எண்ணெய், நல்லெண்ணெய். பர்மியர் சொல்லும் மியே பே ஸீ, ஹ்நான் ஸீ. இரண்டும் நம் தாத்தா பாட்டி அக்கரையிலிருந்து வரும்போதே நாக்குக்குப் பழகியவை. இந்த நாட்டிலும் மக்வே, மந்தலே, சகாயிங் பக்கத்து வறண்ட பூமியில் எள்ளும் கடலையும் ஏராளமாக விளைகின்றன, அதனால் தேடி அலைய வேண்டியதில்லை. விலைதான் இடிக்கிறது, பாமாயிலோடு வைத்துப் பார்த்தால் கை பின்வாங்கத்தான் செய்யும். ஆனால் இப்போது வீட்டில் செலவாகும் அளவில் மூன்றில் இரண்டு பங்கு போதும் என்று தெரிந்துவிட்டால் அந்தக் கணக்கே வேறு மாதிரி ஆகும். அதை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

எவ்வளவு எண்ணெய் சரியான அளவு? நாங்கள் கண்ணால் பார்த்துத்தான் ஊற்றுகிறோம்.

நானும் அப்படித்தான் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒரு திங்கட்கிழமை புதிதாக ஒரு வீசை எண்ணெய் வாங்கி, பாட்டிலில் தேதி எழுதி ஒட்டினேன். அடுத்த ஞாயிறு ராத்திரி பாட்டில் காலி. இங்கே ஒரு வீசை என்பது 1.63 கிலோ, அதாவது பர்மிய எடைக் கணக்கில் 100 க்யாத்தா. வீட்டில் நாங்கள் ஐந்து பேர். ஏழு நாளுக்கு வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு நாளைக்கு 46 கிராமுக்கு மேல். ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி, ஆகவே எண்ணெயிலிருந்து மட்டும் 400 கலோரிக்கு மேல் உள்ளே போயிருக்கிறது. சோறு, மீன், தேங்காய்ப்பால், டீக்கடையில் தின்ற சமுசா எதுவும் இந்தக் கணக்கில் இல்லை.

உட்கார்ந்து வேலை பார்க்கும் பெரியவருக்கு 20, 25 கிராம் சமையல் எண்ணெய் போதும், உடல் உழைப்பு இருந்தால் 30 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். 15 மில்லி பிடிக்கும் மேசைக்கரண்டி ஒன்றில் 14 கிராம் எண்ணெய் இருக்கும், ஆக ஆளுக்கு நாளைக்கு இரண்டு கரண்டி. தாளிப்பு, வறுவல், அப்பளம் எல்லாம் சேர்த்துத்தான் அந்த இரண்டு. ஐந்து பேர் உள்ள வீட்டில் ஒரு வீசை கிட்டத்தட்ட பதினோரு நாள் வர வேண்டும். உங்கள் வீட்டில் எத்தனை நாள் வருகிறது என்று ஒரே ஒரு முறை தேதி போட்டுப் பாருங்கள், நான் நூறு தரம் சொல்வதைவிட அந்தப் பாட்டில் உங்களுக்கு நன்றாகச் சொல்லிவிடும்.

பர்மாக் குழம்பில் எண்ணெய் மேலே மிதந்தால்தானே ருசி?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் எண்ணெய் போகும் வழி இதுதான். ஸீ ப்யான் என்று சொல்வார்கள், எண்ணெய் திரும்பி வருதல். வெங்காயம், பூண்டு, இஞ்சி, மிளகாய், மஞ்சள் அரைத்த விழுதை நிறைய எண்ணெயில் போட்டு, தண்ணீரெல்லாம் வற்றி எண்ணெய் மறுபடி தனியாகப் பிரியும் வரை வதக்கி, அதில் மீனோ கறியோ போட்டுச் சமைப்பது. ஐஸ்பெட்டி இல்லாத காலத்தில் மேலே நிற்கும் எண்ணெய் குழம்பைக் காற்றுப் படாமல் மூடி, அடுத்த நாள் வரை கெடாமல் வைத்தது. கரண்ட் அடிக்கடி போகும் இந்த ஊரில் அந்தப் பழக்கத்தைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் அந்த எண்ணெயைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து சாப்பிட வேண்டும் என்று யாரும் விதி போடவில்லை.

ருசி விழுது நன்றாக வதங்குவதில் இருக்கிறது. நான் செய்வது இது: அரைக் கிலோ மீனுக்கு முன்பு கால் டம்ளர் எண்ணெய் ஊற்றுவேன், இப்போது இரண்டு மேசைக்கரண்டி. அடி கனமான சட்டி, சிறு தீ. விழுது அடிப்பிடிக்கும் மாதிரி தெரிந்தால் எண்ணெய் சேர்க்காமல் ஒரு கரண்டி வெந்நீர் தெளித்துச் சுரண்டிக் கிளற வேண்டும், அது வற்றியதும் இன்னொரு கரண்டி. இப்படி நாலைந்து தரம். பதினைந்து நிமிஷத்தில் பச்சை வாடை போய், விழுது சிவந்து, சட்டியின் ஓரத்தில் எண்ணெய் மெல்லிசாகக் கசிந்து நிற்கும். அந்த ஓரக் கசிவுதான் அடையாளம், மேலே குளம் கட்ட வேண்டியதில்லை. இதில் பொறுமை வேண்டும், அவசரப்பட்டால் விழுது வேகாமல் குழம்பு கசந்து போகும். கல்யாணத்துக்கு ஐம்பது பேருக்குச் சமைக்கும்போது இது முடியாது, அப்போது வழக்கப்படி சமைத்துவிட்டு, பரிமாறும் முன் மேலே நிற்கும் எண்ணெயைக் கரண்டியால் எடுத்துத் தனியாக வையுங்கள். மறுநாள் கீரை வதக்க அது அருமையாக இருக்கும்.

பாமாயில் விஷம் என்கிறார்களே?

விஷம் இல்லை. அப்படிச் சொல்லி ஏழை வீட்டுக்காரரைப் பயமுறுத்துவது எனக்குப் பிடிக்காத காரியம். பாமாயிலில் கிட்டத்தட்டப் பாதி நிறைகொழுப்பு, அதாவது ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றும் வகை. கடலை எண்ணெயில் அது ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே, நல்லெண்ணெயில் ஏழில் ஒரு பங்கு. உலக சுகாதார நிறுவனம் நிறைகொழுப்பை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் வைக்கச் சொல்கிறது. 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது 22 கிராம். என் வீட்டில் செலவான 46 கிராமும் பாமாயிலாக இருந்திருந்தால் அன்றைய பங்கு எண்ணெயிலேயே ஏறக்குறைய முடிந்துபோயிருக்கும். அதே இடத்தில் 30 கிராம் கடலை எண்ணெய் என்றால் ஐந்தாறு கிராம்தான்.

மொரீஷியஸில் நடந்ததைச் சொல்கிறேன், அங்கேயும் நம்மைப் போலக் கப்பலேறிப் போன தமிழர்கள் இருக்கிறார்கள். அந்த அரசு 1987ல் ரேஷன் எண்ணெயை மாற்றியது. பெரும்பகுதி பாமாயிலாக இருந்ததை முழுக்க சோயா எண்ணெயாக ஆக்கினார்கள். 1992ல் மறுபடி ஜனங்களைச் சோதித்தபோது சராசரி கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 5.5 மில்லிமோலில் இருந்து 4.7 ஆக இறங்கியிருந்தது. டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்ற கணக்கில் சொன்னால் 213ல் இருந்து 182. அதே காலத்தில் உடற்பயிற்சி, புகை, குடி பற்றிய பிரசாரமும் நடந்தது, ஆனாலும் எண்ணெய் மாற்றத்துக்கு இதில் பெரிய பங்கு உண்டு என்றே ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். ஒவ்வொரு வீடாகப் போய் யாரும் புத்தி சொல்லவில்லை, ரேஷனில் வந்ததைத்தான் ஜனங்கள் ஊற்றினார்கள்.

ஆக, பாமாயில்தான் கட்டுப்படியாகும் என்றால் அதையே வாங்குங்கள், ஆனால் அளவைக் குறையுங்கள். முடிந்தால் வாரத்தில் பாதி நாள் கடலை எண்ணெய். இரண்டையும் நீங்களே கலந்து வைத்துக்கொள்வதிலும் தப்பில்லை.

கடலை எண்ணெய் என்று வாங்கினால் பாமாயில் கலந்திருக்கிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?

எனக்கும் நடந்திருக்கிறது. பஜாரில் ஒரு கடையில் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுத்த எண்ணெய், மணம் தூக்கலாக இருந்தது, வீட்டில் சட்டி சூடானதும் மணம் காணாமல் போய்விட்டது. நல்ல கடலை எண்ணெயின் வாசம் சூட்டில் கூடும், சமையல் முழுக்க நிற்கும். எசென்ஸ் சேர்த்தது முதல் நிமிஷத்தில் தூக்கியடித்துவிட்டு அடங்கிவிடும். இது என் மூக்கின் கணக்கு, ஆய்வகச் சோதனை இல்லை.

குளிர்மாதத்தில் இன்னொரு அடையாளம். மார்கழிக் காலையில் பாட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிந்து கெட்டிப்பட்டிருந்தால் அது வெறும் கடலை எண்ணெய் இல்லை என்று சந்தேகப்படலாம். ஆனால் படியவில்லை என்பதால் சுத்தம் என்று முடிவு கட்டாதீர்கள், சீக்கிரம் உறையாத மாதிரி பிரித்தெடுத்த பாமாயிலும் உண்டு. ஐஸ்பெட்டியில் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள், அதை நம்ப வேண்டாம். சுத்தமான கடலை எண்ணெயே அந்தக் குளிரில் கலங்கிப்போகும். நல்லெண்ணெய்க்கு மட்டும் அந்தச் சோதனை ஓரளவு உதவும், அது ஐஸ்பெட்டியிலும் உறையாமல் ஓடும். இதையெல்லாம்விட மேல், தெரிந்த செக்கில் கண்ணெதிரே ஆட்டி வாங்குவது, அல்லது சீல் உடையாத பாட்டில்.

செக்கு எண்ணெயா, ரீஃபைண்டா?

கொழுப்பின் வகையைப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், செக்கில் ஆட்டினால் கொழுப்பு வேறாகிவிடாது. மணமும் ருசியும் செக்கில் உண்டு, விதையோடு வரும் சில நல்ல சத்துகளும் கூடுதலாக நிற்கும். நான் செக்கு எண்ணெய்தான் வாங்குகிறேன். ஆனால் ஒரு விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்ளாடாக்ஸின் என்ற நஞ்சு உண்டாகும், ஈரலில் புற்றுநோய் வரவழைப்பது. ரீஃபைண்ட் செய்யும்போது அது பெரும்பாலும் போய்விடும், செக்கில் ஆட்டிய எண்ணெயில் தங்கிவிடலாம். நம் ஊர் மழைக்கால ஈரத்தில் கடலை சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். ஆகவே செக்குக்குப் போனால் எண்ணெயைப் பார்க்கும் முன் மூட்டையில் கைவிட்டு ஒரு பிடி கடலையை எடுத்துப் பாருங்கள். சுருங்கியது, கறுத்தது, பச்சையோ மஞ்சளோ பொடி படிந்தது, இரண்டாகப் பிளந்தால் நடுவில் சாம்பல் நிறம், வாயில் போட்டால் கசப்பு என்றால் அந்த எண்ணெய் வேண்டாம். கடலையைக் காட்ட மாட்டேன் என்று சொல்லும் இடத்தில் நான் வாங்குவதில்லை.

எள் ஆட்டும்போது கருப்பட்டி போடுவது எண்ணெய் நன்றாக இறங்கவும் ருசிக்கும்தான். அதனால் எண்ணெய் மருந்தாகிவிடாது.

நல்லெண்ணெயில் பொரிக்கலாமா?

பொரிக்க வேண்டாம். செக்கு நல்லெண்ணெய் சீக்கிரம் புகையும். தாளிக்க, வதக்க, இட்லிப்பொடிக்கு, புளிக்குழம்புக்கு, லபெ தொ என்னும் தேயிலைச் சாலட்டில் பிசைய அதைப்போல வேறு இல்லை. எள்ளில் உள்ள செசமால் போன்ற பொருள்கள் காறல் வராமல் காப்பதால், மூடி வைத்தால் நாள்பட நிற்கும். பொரிக்க ரீஃபைண்ட் கடலை எண்ணெய் எடுங்கள், அது 220, 230 டிகிரி வரை தாங்கும். நமக்குப் பொரிக்க 180 டிகிரி போதும்: ஒரு சொட்டு மாவு விட்டால் அடிக்குப் போய் உடனே மேலே வர வேண்டும். அடியிலேயே கிடந்தால் சூடு போதவில்லை, அந்தச் சமயத்தில் போடும் வடை எண்ணெயைக் குடித்துவிடும்.

சூரியகாந்தி, சோயா?

நல்லவைதான். நிறைகொழுப்பு குறைவு, குழம்புக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். திரும்பத் திரும்பக் காய்ச்சினால் மட்டும் சீக்கிரம் கெடும்.

ஆலிவ் எண்ணெய் வாங்க வேண்டுமா, மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்புகிறேன் என்கிறான்.

அனுப்பினால் சாலட்டில் ஊற்றிச் சாப்பிடுங்கள். காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை, உங்கள் கடலை எண்ணெயிலும் ஆலிவில் இருக்கும் அதே ஓலிக் அமிலம் என்ற கொழுப்பு வகைதான் பெரும்பகுதி.

தேங்காய் எண்ணெய் உடம்புக்கு நல்லது என்று எங்கும் எழுதுகிறார்களே?

அதில் பத்தில் எட்டு ஒன்பது பங்கு நிறைகொழுப்பு. நல்ல கொலஸ்ட்ராலையும் கூட்டும், கெட்டதையும் கூட்டும். அமெரிக்க இதயச் சங்கம் 2017ல் அதைத் தவிர்க்கவே சொன்னது. அவியலுக்கு ஒரு கரண்டி என்றால் சரி, தினசரி எண்ணெயாக வேண்டாம். ஓன் நோ கௌக் ஸ்வே என்னும் தேங்காய்ப்பால் நூடுல்ஸ் செய்யும் நாளில் தேங்காய்ப்பாலிலேயே வேண்டிய கொழுப்பு வந்துவிடும், அன்றைக்கு மற்ற பதார்த்தங்களில் எண்ணெயை அடக்குங்கள்.

நெய்யை நிறுத்திவிட வேண்டுமா? டால்டா?

நெய்யை நிறுத்த வேண்டாம், பருப்புச் சோற்றுக்கு ஒரு சின்னக் கரண்டி போதும். அதில் மூன்று கிராம் நிறைகொழுப்பு இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

டால்டா வகை வனஸ்பதி வேறு கதை, இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். எண்ணெயில் ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கும்போது, அதுவும் பாதியில் நிறுத்தும்போது, டிரான்ஸ் கொழுப்பு உண்டாகிறது. அது கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றுவதோடு நல்லதையும் இறக்குகிறது. உலக சுகாதார நிறுவனம் 2018ல் உலகத்து உணவிலிருந்தே இதை அகற்ற வேண்டும் என்று அறைகூவல் விட்டது. பலாத்தா என்னும் பரோட்டாவின் மடிப்புகளிலும், மலிவான பிஸ்கட், கேக், கிரீம் பன்களிலும் இது ஒளிந்திருக்கக்கூடும். லேபிளில் பார்ஷியலி ஹைட்ரஜனேட்டட் என்று இருந்தால் அப்படியே அலமாரியில் திருப்பி வைத்துவிடுங்கள்.

பாட்டிலில் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று போட்டிருக்கிறதே?

செடியிலிருந்து வரும் எந்த எண்ணெயிலும் சொல்லும்படி கொலஸ்ட்ரால் கிடையாது, பாமாயிலில்கூட. பின்பக்கம் நிறைகொழுப்பு எத்தனை கிராம் என்று எழுதியிருப்பதைப் பாருங்கள்.

பொரித்த எண்ணெயை மறுபடி பயன்படுத்தலாமா? தீபாவளிக்கு முறுக்கு சுட்டு இரண்டு லிட்டர் மிஞ்சுகிறது.

தூக்கி ஊற்றச் சொல்ல எனக்கும் மனசு வராது. ஒரு தரம் பொரித்ததை ஆறவிட்டு, துணியில் வடிகட்டி, மூடி வைத்து, நாலைந்து நாளுக்குள் குழம்பு தாளிக்கத் தீர்த்துவிடுங்கள். மறுபடி பொரிக்க வைக்காதீர்கள், புது எண்ணெயை அதன் மேல் ஊற்றாதீர்கள், பழையதில் உள்ள கெடுதல் புதியதையும் சீக்கிரம் கெடுக்கும். நுரை அடங்காமல் பொங்குவது, கறுத்துப் பிசுபிசுப்பது, முன்பைவிடச் சீக்கிரம் புகைவது, இதில் ஒன்று தெரிந்தாலும் அது முடிந்துபோன எண்ணெய். சாக்கடையில் ஊற்றினால் மழைக்காலத்தில் தெருவே அடைத்துக்கொள்ளும், பழைய காகிதத்திலோ உமியிலோ ஊறவைத்துக் குப்பையில் போடுங்கள். அப்புறம், அடுத்த வருஷம் சட்டியைச் சின்னதாக எடுங்கள், நான் அப்படித்தான் செய்தேன், மிஞ்சியது அரை லிட்டர்கூட இல்லை.

டீக்கடை பூரி, ஈச்சா குவே என்னும் நீளமாகப் பொரித்த மாவுப் பலகாரம், சுரைக்காய் பஜ்ஜி பற்றியும் கேட்கிறார்கள். அந்தச் சட்டி காலையிலிருந்து மாலை வரை அடுப்பில்தான் இருக்கிறது. தினம் காலையில் அதுவே பலகாரம் என்பதை வாரத்துக்கு ஒன்றாகக் குறைத்தால் போதும். போகும் நாளில் முதல் சட்டிக்கே போங்கள், எண்ணெயின் நிறம் தெரியும்படி நின்று பார்த்து வாங்குங்கள்.

விளக்குக்கு விற்கும் எண்ணெய் மலிவாக இருக்கிறது. சமையலுக்கு எடுக்கலாமா?

கூடவே கூடாது. தீபத்துக்கென்று வருவது எதில் கலந்தது, எந்த டிரம்மில் வந்தது என்று யாருக்கும் தெரியாது. 1959ல் மொராக்கோவில், விமான எஞ்சினுக்குப் போடும் எண்ணெயைச் சமையல் எண்ணெயில் கலந்து விற்றதால் பத்தாயிரம் பேர் அளவில் கைகால் முடங்கிப்போனார்கள். 1981ல் ஸ்பெயினில், தொழிற்சாலைக்கென்று ரசாயனம் கலந்த கடுகு வகை எண்ணெயைத் தெருத்தெருவாகச் சமையலுக்கு விற்று, இருபதாயிரம் பேருக்கு மேல் நோயாளியானார்கள், முந்நூறு பேருக்கு மேல் செத்தார்கள். வாங்கியவர்கள் எல்லாம் விலை மலிவு என்று நம்பி வாங்கிய சாதாரண ஜனங்கள். எங்கிருந்து வந்தது என்று தெரியாத எண்ணெயை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

வீட்டில் பெரியவர்கள் ஒத்துக்கொள்வதில்லை. மாமியார் 'இது குழம்பா, தண்ணியா' என்கிறார்.

என் மாமியாரும் கேட்டார்கள். மூன்றாவது வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள், 'ஏம்மா, குழம்பு வறண்டு கிடக்கு?' என்று. அன்றைக்கு எனக்குத் தப்பு புரிந்தது, ஒரே அடியாகக் குறைத்திருந்தேன். அதற்கப்புறம் வாரம் அரைக் கரண்டி என்று இறங்கினேன், நாக்கு அதற்குள் பழகிக்கொள்ளும். புளியையும் பூண்டையும் கொஞ்சம் கூட்டினேன், எண்ணெய் குறைந்த இடத்தை அவை நிரப்பின. மாமியாருக்கு மட்டும் தட்டில் சோறு போட்ட பிறகு, மேலே ஒரு தேக்கரண்டி பச்சை நல்லெண்ணெய் விடுகிறேன். சமைக்கும்போது சட்டியில் ஊற்றும் நாலு கரண்டியைவிடத் தட்டில் விடும் அந்த ஒரு கரண்டி நாக்குக்கு நன்றாகத் தெரிகிறது. இப்போது குழம்பைப் பற்றிப் பேச்சே இல்லை, நல்லெண்ணெய்க் குப்பி தீர்ந்துவிட்டதா என்றுதான் கேட்கிறார்கள்.